பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் பாடம் படிக்கப் போகிறதா பிள்ளை?

கலிஃபோர்னியாவில் பள்ளிப் படிப்போடு கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுப் பொதுக் கல்லூரி) பாடமும் படிக்கும் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தில் இல்லை, நேரத்தில்தான். 3 யூனிட் பாடம் என்றால் வாரத்துக்கு 3 மணி நேரம் வகுப்பு, அதுபோக வீட்டில் 6 மணி நேரம் என்பது கணக்கு. பள்ளியில் ஆசிரியர் திரும்பத் திரும்ப நினைவூட்டுவார், இங்கே முதல் நாள் தரும் சிலபஸோடு சரி. அதனால் முதல் வாரமே தேர்வு, கட்டுரை, பாடத்திலிருந்து விலகக் கடைசி நாள் எல்லாவற்றையும் பிள்ளையே காலண்டரில் எழுதட்டும். நீங்கள் எழுதித் தராதீர்கள்.

அந்த விலகும் தேதியை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். அதைத் தவறவிட்டு எஃப் (தோல்வி கிரேடு) வாங்கினால் அது கல்லூரி மதிப்பெண் பதிவில் ஏறிவிடும், பின்னால் வேறு கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதும் கூடவே வரும்.

அப்புறம், பெற்றோருக்குக் கொஞ்சம் கசக்கிற விஷயம்: பிள்ளைக்கு 16 வயதுதான் என்றாலும், மாணவர் பதிவுகளின் தனியுரிமையைக் காக்கும் ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டப்படி கல்லூரிப் பதிவுகள் மீதான உரிமை பிள்ளைக்குத்தான். நீங்கள் மின்னஞ்சல் போட்டுக் கேட்டால் பேராசிரியர் பொதுவாக மதிப்பெண்ணைச் சொல்ல மாட்டார். பிள்ளையே எழுதிப் பழகட்டும். தலைப்பில் பாட எண், முதல் வரியில் பெயர், பிறகு ஒரே ஒரு கேள்வி, அவ்வளவு போதும். பேராசிரியர் மாணவர்களைத் தன் அறையில் சந்திக்க ஒதுக்கும் ஆபீஸ் அவர்ஸுக்கும் மூன்றாவது வாரத்துக்குள் ஒரு தடவை போய்வரச் சொல்லுங்கள், சந்தேகமே இல்லாவிட்டாலும்.

பள்ளியில் ஐஇபி (சிறப்புத் தேவையுள்ள மாணவருக்கான தனிக் கல்வித் திட்டம்) இருந்தால் அது தானாகக் கல்லூரிக்கு வராது. மாற்றுத்திறனாளி மாணவர் சேவை அலுவலகத்தில் மாணவரே போய் உதவி கேட்க வேண்டும், அதுவும் வகுப்பு தொடங்கும் முன்பே.