ஹை லைன் மாதிரிப் பூங்காவால் நமக்கு லாபமா என்று குவீன்ஸில் இருந்து கணக்குப் போடுவது எப்படி

நியூயார்க்கில் மன்ஹாட்டனுக்கு வெளியே, குவீன்ஸ், புரூக்ளின், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் ஐலண்டில் குடியிருப்பவர்களிடம் ஹை லைன் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஊரிலிருந்து யாராவது வந்தால் கூட்டிப்போகும் இடம். 1934-இல் சரக்கு ரயிலுக்காகத் திறந்த தூக்குப் பாதை அது. 1980-இல் கடைசி வண்டி ஓடியது, 2009-இல் முதல் பகுதி பூங்காவாகத் திறந்தது, இன்று சுமார் 2.3 கிலோமீட்டர் நீளம், நுழைவு இலவசம். அதைப் பார்த்துவிட்டு இப்போது குவீன்ஸிலும் ஒன்று வேண்டும் என்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மன்ஹாட்டனில் இருக்கும் பூங்காவால் வெளிப் பரோக்காரருக்கு, அதாவது நகரத்தின் மற்ற நான்கு பெரும் பகுதிகளில் இருப்பவருக்கு, கிடைப்பது கொஞ்சம்தான், ஆனால் அதே மாதிரி ஒன்று நம் தெருவுக்கு வரும்போது நல்லதும் கெட்டதும் பெரிதாகவே வரும். உங்கள் வீட்டுக்கு எது வரும் என்று நீங்களே எடைபோட வழி இருக்கிறது.

முதலில் போய்வரும் செலவு. ஃப்ளஷிங் பிள்ளையார் கோவில் பக்கம் இருப்பவருக்கு இது சுலபம், 7 ரயிலில் ஏறினால் 2015-இல் திறந்த ஹட்சன் யார்ட்ஸ் கடைசி நிறுத்தத்தில் இறங்கி நேரே பூங்காவின் வடக்கு முனைக்கு நடக்கலாம். ஜமைக்காவில் இருந்து ஈ ரயில், ஓசோன் பார்க்கில் இருந்து ஏ ரயில், புரூக்ளினில் இருந்து எல் ரயில், மூன்றும் 14-ஆம் தெருவில் விடும். ஸ்டேட்டன் ஐலண்டுக்காரருக்குப் படகு இலவசம், ஆனால் படகுக்கு வரவும் படகிலிருந்து போகவும் தனி நேரம் வேண்டும். கதவிலிருந்து கதவுக்கு எவ்வளவு நேரம், குடும்பம் முழுக்க இருவழிக் கட்டணம் எவ்வளவு என்று எழுதுங்கள். வருமானம் குறைவென்றால் ஃபேர் ஃபேர்ஸ் திட்டத்தில் பாதிக் கட்டணம் கிடைக்கும், அதையும் சேருங்கள். அப்புறம் அங்கே போய் என்ன செய்யலாம் என்று பாருங்கள்: நடக்கலாம், உட்காரலாம், செடிகளைப் பார்க்கலாம். சைக்கிளுக்கும் நாய்க்கும் அனுமதி இல்லை, பிள்ளைகள் பந்தடிக்க இடமும் இல்லை. அழகான இடம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் பள்ளி விட்டதும் பிள்ளையை ஓடவிடும் இடம் அது ஆகாது, ஒரு பூங்காவின் உண்மையான பயன் அந்தத் தினசரி அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது.

அடுத்து, "அதைச் சுற்றி எழுந்த கட்டடங்கள் கட்டும் வரி நகரம் முழுக்கத்தானே போகிறது" என்பார்கள். பாதி உண்மை. சொத்து வரி நகரத்தின் பொது நிதிக்குத்தான் போகிறது, அந்த வகையில் ஹை லைன் இருக்கும் வெஸ்ட் செல்சியின் வரியில் நம் பள்ளிக்கும் பங்கு உண்டு. ஆனால் பக்கத்து ஹட்சன் யார்ட்ஸில் கட்டடக்காரர்கள் வரிக்குப் பதிலாகக் கட்டும் தொகை முதலில் அந்தப் பகுதியின் உள்கட்டமைப்புக் கடன் பத்திரங்களை அடைக்கத்தான் ஒதுக்கப்பட்டது. அதனால் யாராவது வரி வருமானத்தைக் காட்டிப் பேசினால், அந்தப் பணம் முதலில் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

பராமரிப்பும் இதோடு சேர்ந்ததுதான். ஹை லைனின் அன்றாடச் செலவில் பெரும்பகுதியை ஒரு தனியார் அறக்கட்டளை நன்கொடையாகத் திரட்டுகிறது. பணக்காரப் பேட்டைக்கு அது முடியும். 2012-இல் சென்ட்ரல் பார்க்குக்கு ஒரே ஆள் 100 மில்லியன் டாலர் கொடுத்தார், பிராங்க்ஸில் ஒரு சின்னப் பூங்காவுக்கு அப்படி யார் வருவார்? 2014-இல் நகராட்சி இந்த இடைவெளியைக் குறைக்கவே சுமார் 130 மில்லியன் டாலரில் 35 சிறு பூங்காக்களைப் புதுப்பிக்கும் திட்டத்தை அறிவித்தது. உங்கள் பகுதிக்குத் தூக்குப் பூங்கா வருகிறதென்றால், திறப்பு விழா முடிந்து பத்து வருடம் கழித்து உடைந்த பெஞ்சை மாற்றுவது யார், எந்தக் கணக்கில் என்று எழுத்தில் வாங்குங்கள்.

சரி, இப்போது வாடகை. இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ஹை லைனைச் சுற்றி விலை ஏறியதற்குப் பூச்செடி மட்டும் காரணமில்லை. 2005-இல் வெஸ்ட் செல்சியின் மண்டல விதிகளை, அதாவது எங்கே என்ன, எவ்வளவு கட்டலாம் என்ற விதிகளை மாற்றி, பாதைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்கள் தங்கள் மனையில் கட்டிக்கொள்ளும் உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு விற்க வழி செய்தார்கள், அதிலிருந்துதான் அந்த ஆடம்பரக் குடியிருப்புகள் முளைத்தன. ஆகவே உங்கள் பகுதியில் பூங்காத் திட்டத்தோடு மண்டல மாற்றம் ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறதா என்பதை முதலில் தேடுங்கள்.

பிறகு உங்கள் வீட்டைப் பாருங்கள். 1974-க்கு முன் கட்டிய, ஆறு அல்லது அதற்கு மேல் வீடுகள் உள்ள கட்டடம் என்றால் வாடகை உயர்வுக்கு வரம்பு வைக்கும் ரென்ட் ஸ்டெபிலைசேஷன் பாதுகாப்பு இருக்க வாய்ப்புண்டு, மாநில வீட்டுவசதித் துறையிடம் உங்கள் வீட்டின் வாடகை வரலாற்றை இலவசமாகவே கேட்டு வாங்கலாம். ஆனால் ரிச்மண்ட் ஹில், ஓசோன் பார்க், உட்ஹேவன் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகள். அவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. காரணமில்லாமல் வெளியேற்றுவதையும் அளவுக்கு மீறி வாடகை ஏற்றுவதையும் தடுக்க 2024-இல் வந்த குட் காஸ் சட்டமும் பத்து வீடுகளோ அதற்குக் குறைவாகவோ வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுக்கு விலக்குத் தருகிறது, அதாவது மாடியில் வீட்டுக்காரர், கீழே நீங்கள் என்றால் வாடகை ஏறும்போது சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது. பேஸ்மென்ட்டில் இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். சொந்த வீடு வைத்திருப்பவருக்கு இதே பூங்கா சொத்து மதிப்பை ஏற்றித் தரலாம். ஒரே தெருவில் ஒரே பூங்கா, ஒருவருக்கு வரவு, அடுத்தவருக்குப் பெட்டி கட்டும் வேலை. யாருக்கு லாபம் என்று கேட்காமல் "குவீன்ஸுக்கு நல்லது" என்று மொத்தமாகப் பேசுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

குவீன்ஸுக்கு மட்டும் இன்னொரு கேள்வி உண்டு. ரீகோ பார்க்கில் இருந்து ஓசோன் பார்க் வரை சுமார் 3.5 மைல் நீளத்துக்குக் கிடக்கும் ராக்கவே பீச் ரயில் கிளை 1962-இல் மூடப்பட்டது. அதைப் பூங்காவாக்குவது குவீன்ஸ்வே திட்டம், 2022-இல் மேயர் எரிக் ஆடம்ஸ் முதல் கட்டத்துக்கு 35 மில்லியன் டாலர் அறிவித்தார். அதே பாதையில் எம் ரயிலை நீட்டி ஓட்டி, பக்கத்தில் பூங்காவும் வைக்கலாம் என்பது குவீன்ஸ்லிங்க் கோரிக்கை. இதற்குப் பல பில்லியன் டாலர் வேண்டும், உண்மைதான். ஆனால் தெற்கே கடலோரம் இருக்கும் ராக்கவேயில் இருந்து தினமும் ஏ ரயிலில் சுற்றி வருபவர்களையும், உட்ஹேவன் பூலவார்டில் க்யூ 53 பஸ்ஸுக்காக நிற்பவர்களையும் கேட்டால் பூங்காவை விட ரயிலைத்தான் முதலில் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பாதை ஃபாரஸ்ட் பார்க்குக்குள்ளேயே போகிறது, 500 ஏக்கருக்கு மேல் பூங்கா ஏற்கெனவே அங்கே இருக்கிறது. பாதையை ஒட்டி இருப்பவரா, ராக்கவேக்காரரா என்பதைப் பொறுத்து உங்கள் பதில் மாறும். நீங்கள் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுமுன், வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் என்ன பூங்கா இருக்கிறது, வேலைக்குப் போக எத்தனை நிமிடம் ஆகிறது, இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். எது அதிகம் உறுத்துகிறதோ அதற்காகப் பேசுங்கள்.

பேசும் இடம் கம்யூனிட்டி போர்டு, அந்தந்தப் பகுதிக்கான ஆலோசனைக் குழு. நகரம் முழுக்க 59 இருக்கின்றன, மாதக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம், குடியுரிமையெல்லாம் கேட்பதில்லை. போர்டு சொல்வது ஆலோசனைதான், ஆனாலும் நகராட்சி உறுப்பினரின் அலுவலகம் அதைக் கவனிக்கும். ஹை லைனைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் ஹாமண்டே 2017-இல், அக்கம்பக்கத்தாரிடம் வடிவமைப்பைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலாக உங்களுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னார். அதனால் கூட்டத்தில் வண்ணப் படங்களைக் காட்டி எந்த பெஞ்ச் பிடிக்கும் என்று கேட்டால் அதோடு நின்றுவிடாதீர்கள். வாடகைதாரருக்கு என்ன பாதுகாப்பு, வேலைவாய்ப்பில் உள்ளூர்க்காரருக்கு எத்தனை இடம், ரயிலுக்கு இடம் விட்டுத்தான் கட்டுகிறீர்களா, பராமரிப்புப் பணம் எங்கிருந்து, மண்டல மாற்றம் உண்டா என்று கேளுங்கள். கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான், எழுதி வைத்துப் படியுங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சில நாள் முன்பே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் அதே கேள்விகளைப் போர்டின் டிஸ்ட்ரிக்ட் மேனேஜருக்கும் உங்கள் பகுதி நகராட்சி உறுப்பினருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, பதில் வரும் வரை விடாமல் கேளுங்கள்.