தேனீப் புழுக்களை வைரசிலிருந்து காக்கப் பரம்பரையலகு மௌனமாக்கலைக் கையாளும் முறை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பெட்டிகளில் வளர்க்கப்படுவது ஏப்பிஸ் செரானா என்னும் ஆசியத் தேனீயாகும். இவ்வினத்துக்கு மிகக் கொடியது சாக்புரூட் வைரசு. அதன் தாய்லாந்து வகை 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவியபோது கேரளத்தின் தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின. வைரசைக் கொல்லும் மருந்து கைவசம் இல்லாத நிலையில், வைரசின் பரம்பரையலகைச் செயலிழக்கச் செய்யும் மௌனமாக்கும் தொழினுட்பம் உண்மையான நம்பிக்கையைத் தருகிறது. வைரசின் வரிசையோடு பொருந்துமாறு ஆய்வுகூடத்தில் ஆக்கிய இரட்டை இழை ஆர்.என்.ஏ.யை (பரம்பரைத் தகவலை ஏந்தும் மூலக்கூறு) சீனிப்பாகில் கலந்து தேனீக்களுக்கு ஊட்டுவதே இம்முறை. எனினும் இது தனியொருவர் பெட்டியருகே செய்து முடிக்கும் வேலையன்று. மூலக்கூற்று உயிரியல் வசதியுள்ள ஆய்வுகூடம் ஒன்றுடன் சேர்ந்து, உரிய அனுமதியோடு, பரிசோதனையாகவே இதனைச் செய்ய வேண்டும். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலோ, பிந்துனுவெவவிலுள்ள தேனீ அபிவிருத்திப் பிரிவிலோ முதலில் விசாரிக்கலாம்.

இரட்டை இழை ஆர்.என்.ஏ. தேனீயின் உடற்கலத்துள் நுழைந்ததும், டைசர் என்னும் நொதியம் அதனை ஏறத்தாழ 21 அல்லது 22 எழுத்து (ஆர்.என்.ஏ. இழையின் அடிப்படை அலகு) நீளமுள்ள துண்டுகளாக வெட்டுகிறது. அத்துண்டுகளை ஏந்திய ஆர்கோனோட்டுப் புரதம், அவற்றோடு பொருந்தும் வைரசு ஆர்.என்.ஏ.யைத் தேடிச் சிதைக்கிறது. 2010இல் சீன ஆய்வாளர்கள் இம்முறையைச் செரானாப் புழுக்களில் சாக்புரூட்டுக்கு எதிராகக் கையாண்டு பயன் கண்டனர். எழுத்துகள் பொருந்தினால்தான் காப்பு கிடைக்கும் என்பதால், நோய் எது, வைரசின் எந்த வகை என்பதை அறியாமல் பாகு கலக்கத் தொடங்குவது வீண் செலவாகும்.

ஆகவே அடையிலிருந்தே தொடங்குங்கள். சாக்புரூட் தாக்கிய புழு கூட்டுப்புழுவாக மாறாமல், தலையை மேலே தூக்கியபடி, தோணி போல வளைந்து இறந்து கிடக்கும். சாவணத்தால் மெதுவாகத் தூக்கினால் தோல் கிழியாமல், உள்ளே நீர் தேங்கிய பையாக முழுதாய் வெளியே வரும். கடும் நாற்றம் இராது. நாற்றமும் கூழான உடலும் இருந்தால் அது பக்றீரியா நோயாக இருக்கக்கூடும்; அதற்கு இம்முறை உதவாது. நோயுற்ற புழுக்களையும், அதே அடையில் நலமாகத் தோன்றும் புழுக்களையும் தனித்தனிக் குழாய்களில் இட்டு, ஐஸ் நிரப்பிய றெஜிபோம் பெட்டியில் அன்றைக்கே ஆய்வுகூடத்தில் சேர்ப்பியுங்கள். வெயிலில் வைத்தால் ஆர்.என்.ஏ. சிதைந்து, முடிவு பொய்த்துவிடும்.

ஆய்வுகூடத்தார் வைரசின் எழுத்து வரிசையை வாசித்து, வகைக்கு வகை அதிகம் மாறாத பகுதியொன்றைத் தெரிவுசெய்வர். அது தேனீயின் சொந்தப் பரம்பரையலகு எதனோடும் பொருந்தாதிருப்பதைக் கணினியில் சரிபார்க்குமாறு தவறாமல் கேளுங்கள். இதனைத் தவறவிட்டால், காக்க நினைத்த தேனீக்கே தீங்கு நேரலாம்.

ஊட்டும் காலம் முக்கியமானது. பூக்காலத்தில் கொடுக்கும் பாகு தேனோடு கலந்துவிடும் என்பதால், வடகீழ்ப் பருவமழையில் தேனீக்கள் வெளியே செல்ல முடியாது பட்டினி கிடக்கும் மாதங்களே பொருத்தமானவை. இளம் புழுப் பருவத்திலேயே தொற்று ஏற்படுவதால், நோய் முற்றும் முன்பே தொடங்க வேண்டும். சீனியும் நீரும் சம அளவில் சேர்த்துக் காய்ச்சிய பாகு முற்றாக ஆறிய பின்னரே ஆர்.என்.ஏ.யைக் கலக்கவும், கொதி சூட்டில் இரண்டு இழைகளும் பிரிந்துவிடும். ஆய்வுகூடம் குறித்துத் தரும் அளவை மாற்றாமல், ஓர் இரவில் குடித்து முடிக்கக்கூடிய பாகை மட்டும் மாலையில் பெட்டிக்குள் வையுங்கள். அவ்வாறு செய்தால் அயல் குடும்பங்கள் கொள்ளையிட வருவதும் குறையும். வேலைக்காரத் தேனீ குடித்த இரட்டை இழை ஆர்.என்.ஏ. அது சுரக்கும் ஊட்டப்பாலின் வழியே புழுக்களைச் சென்றடைவது 2019இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டுள்ளது.

ஒப்பீடு இல்லாத பரிசோதனையை நம்ப வேண்டாம். சில பெட்டிகளுக்கு வெறும் பாகும், வேறு சிலவற்றுக்கு வைரசோடு தொடர்பில்லாத, ஜெலிமீனின் பச்சை ஒளிர்புரத வரிசையைக் கொண்ட ஆர்.என்.ஏ.யும் கொடுக்க வேண்டும். எழுத்து எதுவாயினும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. தேனீயின் பொது எதிர்ப்பைத் தூண்டக்கூடியது என்பதால், இந்த இரண்டாவது ஒப்பீடு இல்லாமல் பயன் எதனால் வந்தது என்று கூற முடியாது. ஊட்டி முடித்த பின்னர் எல்லாப் பெட்டிகளிலிருந்தும் மீண்டும் புழுக்களை எடுத்து வைரசின் அளவை அளக்கச் செய்யுங்கள்; இறந்த புழுக்களின் எண்ணிக்கையையும் பெட்டிவாரியாகக் குறித்து வையுங்கள். வைரசு குறையாவிடில் பாகின் அளவைக் கூட்ட முனையாமல், எழுத்து வரிசையை மீண்டும் வாசிக்கச் சொல்லுங்கள், வைரசு மாறியிருக்கலாம். அதுவரை நோயுற்ற அடைகளை அகற்றுவதையும், நோய் கண்ட பெட்டியின் அடையை வேறு பெட்டிக்கு மாற்றாதிருப்பதையும் கைவிட வேண்டாம்.