பேரப்புள்ளைங்கள வளக்குற வீட்டுல காசு நிக்கணும்னா முதல்ல பீரோவ தொறங்க

சென்னைல எங்க வியாசர்பாடி பக்கம் அப்பா அம்மா இல்லாத பேரப்புள்ளைங்கள வச்சிக்கினு ஒண்டியா குடும்பம் ஓட்டுற ஆயாங்க தெருவுக்கு ரெண்டு பேராச்சும் இருப்பாங்க. உதவி பண்றேன்னு யார் வந்தாலும் தையல் மெஷின் தரோம், கடை வச்சித் தரோம்னு தான் ஆரம்பிக்கிறாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. தொழிலு கடைசி. புள்ளைக்கு ஏற்கனவே சேர வேண்டிய காசு எங்கயாச்சும் தூங்குதான்னு முதல்ல பாக்கணும்.

இறந்தவங்களோட பேங்க் பாஸ்புக்க எடுங்க, என்ட்ரி போட்டு வாங்குங்க, வருஷத்துக்கு ஒருதடவ 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடிச்சிருக்கான்னு வரி வரியா பாருங்க. 436 பிடிச்சிருந்தா அது ஜீவன் ஜோதி இன்சூரன்ஸ், 20 பிடிச்சிருந்தா விபத்து இன்சூரன்ஸ், ரெண்டுமே 2 லட்சம். எங்க தெருவுல இட்லி கடை போடுற ஆயா ஒருத்தங்க, மருமகன் இறந்து போயி ஏழு மாசம் கழிச்சி தான் ட்ரங்கு பெட்டில இருந்து பாஸ்புக்க எடுத்தாங்க, 436 அந்த வருஷமும் பிடிச்சிருந்துச்சி. ஆனா நாமினி அவங்க பொண்ணு, அதுவும் முன்னாடியே போயிடுச்சி, அதனால வாரிசு சான்றிதழ் கேட்டு பேங்க்ல மூணு தடவ அலைய விட்டாங்க. நீங்க அவ்ளோ நாள் தள்ளிப் போடாதீங்க. இறப்பு சான்றிதழ் மாநகராட்சி வெப்சைட்லயே இலவசமா எடுக்கலாம், ஒரு பத்து பிரிண்ட் போட்டு வச்சிக்கோங்க, எங்க போனாலும் ஒன்னு கேப்பாங்க.

ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டின்னு கான்ட்ராக்ட்ல வேல பாத்தவங்களா இருந்தாலும் சம்பளத்துல பிஎஃப் பிடிச்சாங்களான்னு விசாரிங்க. பிஎஃப் பணத்தோட முடிஞ்சிடாது அது, கூடவே இன்சூரன்ஸ் 7 லட்சம் வரைக்கும் இருக்கு, அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்லாத புள்ளைக்கு 25 வயசு வரைக்கும் மாசம் குறைஞ்சது 750 பென்ஷன், ஒரே நேரத்துல ரெண்டு புள்ளைங்களுக்கு.

அடுத்து மாசாமாசம் வர்ற காசு. தமிழ்நாடு அரசோட அன்புக்கரங்கள் திட்டம் 2025 செப்டம்பர்ல வந்துச்சி, 18 வயசு வரைக்கும் மாசம் 2,000. மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல ஒரு புள்ளைக்கு மாசம் 4,000, ஆனா சிட்டில குடும்ப வருமானம் வருஷத்துக்கு 96,000 தாண்டக்கூடாது. ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ்ல போயி குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கன்னு கேளுங்க, இல்ல குழந்தைகள் உதவி நம்பர் 1098க்கு போன் பண்ணி கேளுங்க.

இங்க தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. வருமானம் எவ்ளோன்னு கேட்டா அந்த இட்லி கடை ஆயா கெத்தா "மாசம் பதினஞ்சாயிரம் பாக்குறேன் தம்பி"ன்னுச்சி. அது வியாபாரம், வருமானம் இல்ல ஆயா! அரிசி, உளுந்து, கேஸ், எண்ணெய் எல்லாம் கழிச்சா கையில நின்னது ஏழாயிரம் சொச்சம். பொய் சொல்லச் சொல்லல, கணக்கு போட்டு நிஜத்த சொல்லுங்க.

அப்புறம் தண்டல், தினம் வசூல் பண்ற வட்டிக்கடன். பத்தாயிரம்னு எழுதிட்டு 8,500 தான் கையில குடுப்பாங்க, தினம் நூறு வீதம் நூறு நாள். அதாவது மூணு மாசம் சொச்சத்துக்கு 1,500 வட்டி. மகளிர் குழுவுல மாசம் ரெண்டு வட்டின்னே வச்சிக்கோங்க, இதே காசுக்கு 600 கூட தாண்டாது. அதனால வர்ற முதல் உதவிப் பணத்துல டிவி, கட்டில்னு போகாம தண்டல மூடுங்க, ஒரு தண்டல மூட இன்னொரு தண்டல் வாங்குற வேல மட்டும் வேணவே வேணாம். ஜூன் மாசம் ஸ்கூல் ஃபீஸுக்கு தான் பாதி பேர் தண்டல் எடுக்குறாங்க, அரசு ஸ்கூல்னா புக்கு, சின்ன வகுப்பு புள்ளைங்களுக்கு யூனிபார்ம், காலை டிபன் எல்லாம் அங்கயே கிடைக்குது, அரசு ஸ்கூல்லயே ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிட்டு காலேஜ் போனா பொண்ணுக்கு புதுமைப்பெண், பையனுக்கு தமிழ்ப்புதல்வன்னு அரசு திட்டத்துல மாசம் ஆயிரம் வேற.

இதெல்லாம் முடிச்சிட்டு தான் தொழிலு. அதுவும் புதுசா எதுவும் வேணாம், கை பழகினதையே கொஞ்சம் பெருசாக்குங்க. ரோட்டோர கடைன்னா ஸ்வநிதி லோன் முதல் தடவ 15,000 வரைக்கும் கிடைக்கும்.

பேப்பர் எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு போன்ல போட்டோவும் எடுத்து வைங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் தண்ணில எங்க ஏரியால எத்தன பேர் ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் ஊறிப் போயி நின்னாங்கன்னு எனக்கு தெரியும். ஒரு செட் ஜெராக்ஸ மாடி வீட்டுக்காரங்க கிட்ட குடுத்து வைங்க.