மூன்று பந்து கருவியை ஊதாதீர்கள், உறிஞ்சுங்கள்

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்ததும் மூச்சுப் பயிற்சிக்கென்று மூன்று கலர் பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுப்பார்களே, அதை ஊதக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் மூச்சை வெளியே விட்டு, குழாயை உதட்டால் இறுக்கிக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுத்து, பந்தை மேலேயே 3 நொடியாவது நிறுத்த வேண்டும். மூன்றும் டக்கென்று எகிறி விழுந்தால் பேரப்பிள்ளைகள் கைதட்டுவார்கள், அவ்வளவுதான். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை, 10 மூச்சு. டிவி விளம்பரத்தின்போது செய்தால் மறக்காது. படுத்தே கிடப்பதாலும் மயக்க மருந்து, வலி மருந்தாலும் மூச்சு மேலோட்டமாகி, நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தங்கும், இழுத்து நிறுத்தும்போதுதான் அது விரிகிறது. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கெண்டைக்கால் வீக்கம் என்றால் இது உதவாது, ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.