‘இஃப்’ வாக்கியங்கள்: நாம் சறுக்கும் இடங்கள்

‘நாளைக்கு மழை பெய்தால் மெட்ரோவில் போவேன்.’ இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது, பேச்சு நாளையைப் பற்றியது என்பதால் இரண்டு பாதியிலும் ‘வில்’ போட்டு, ‘இஃப் இட் வில் ரெயின், ஐ வில் டேக் த மெட்ரோ’ என்று சொல்லிவிடுகிறோம். இஃப் வரும் பாதியில், நடக்கப்போவதற்கும் நிகழ்கால வினையே வரும்: ‘இஃப் இட் ரெயின்ஸ்’. மறு பாதிக்கு மட்டும் ‘வில்’. ‘வென்’ வந்தாலும் இதே கதைதான்: ‘வென் ஐ ரீச் கிண்டி, ஐ வில் கால் யூ’.

ஆனால் ‘ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்’ சரியான வாக்கியம். தமிழில் யோசித்தால் காரணம் தெரியும்: அது ‘வந்தால்’ அல்ல, ‘வருவாரா என்று’. ‘-ஆ என்று’ பொருந்தினால் வில் போடலாம். ‘-ஆல்’ பொருந்தினால் பெரும்பாலும் வேண்டாம்.

உண்மையான சிக்கல் அடுத்ததில்தான். ‘லோன் கிடைத்தால் வேளச்சேரியில் ஃப்ளாட் வாங்குவேன்.’ விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவரும் இதையே சொல்வார், கிடைக்காது என்று தெரிந்து ஆசைக்குச் சொல்பவரும் இதையே சொல்வார். தமிழ் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். ஆங்கிலத்தில் வாயைத் திறக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். கிடைக்க வாய்ப்பிருந்தால் ‘இஃப் ஐ கெட் எ லோன், ஐ வில் பை எ ஃப்ளாட்’. வெறும் கற்பனை என்றால் ‘இஃப் ஐ காட் எ லோன், ஐ வுட் பை எ ஃப்ளாட்’. இங்கே ‘காட்’ நேற்றைக் குறிக்கவில்லை. நடப்பிலிருந்து விலகி நிற்பதை இறந்தகால வடிவம் காட்டுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ‘இஃப் ஐ காட்… ஐ வில்’ என்று கலப்பதுதான் தப்பு.

சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலைப் பக்கம் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். ‘வாட் வுட் யூ டூ இஃப் யூ வெர் த டீம் லீட்?’ என்று கேட்டால் பதில் ‘ஐ வுட்’ என்றே தொடங்க வேண்டும், ‘ஐ வில்’ அல்ல. கேள்வியிலுள்ள ‘வெர்’ கற்பனைக்கான வடிவம். ஐ, ஹி, ஷி எல்லாவற்றோடும் வரும். ‘இஃப் ஐ வாஸ்’ பேச்சில் சகஜம் என்றாலும் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ‘இஃப் ஐ வெர்’ எழுதுவதே நல்லது.

முடிந்துபோனதைச் சொல்லத் தமிழே கைகொடுக்கிறது. ‘சீக்கிரம் கிளம்பியிருந்தால் தாம்பரம் ட்ரெயினைப் பிடித்திருப்பேன்.’ ‘-இருந்தால்’ வரும் இடத்தில் ‘ஹேட்’, ‘-இருப்பேன்’ வரும் இடத்தில் ‘வுட் ஹேவ்’: ‘இஃப் ஐ ஹேட் லெஃப்ட் ஏர்லி, ஐ வுட் ஹேவ் டேக்கன் த தாம்பரம் ட்ரெயின்’. ‘இஃப் ஐ வுட் ஹேவ் லெஃப்ட்’ வேண்டாம். ஹேட், ஹேவ் இரண்டுக்கும் பின்னால் கோ–வென்ட்–கான் வரிசையின் மூன்றாவது வடிவம்தான்: ‘ஹேட் கான்’, ‘ஹேட் வென்ட்’ அல்ல. காதில் விழுவதை வைத்து ‘வுட் ஹேவ்’ என்பதை ‘வுட் ஆஃப்’ (would of) என்று எழுதுவதும் பிழை.

விளைவு இன்றும் தொடர்ந்தால் பின்பாதி மாறும். ‘அன்றைக்கே சேர்ந்திருந்தால் இப்போது மேனேஜராக இருப்பேன்’ என்பதற்கு ‘ஐ வுட் பி எ மேனேஜர் நவ்’ போதும். ‘வுட் ஹேவ் பீன்’ தேவையில்லை.

‘அன்லெஸ்’ தனக்குள்ளேயே ‘இல்லாவிட்டால்’ என்பதை வைத்திருக்கிறது. ‘நீங்கள் வராவிட்டால்’ என்பதற்கு ‘அன்லெஸ் யூ டோன்ட் கம்’ என்றால் பொருள் தலைகீழாகிவிடும். ‘அன்லெஸ் யூ கம்’ அல்லது ‘இஃப் யூ டோன்ட் கம்’, இரண்டில் ஒன்று.