கன்னியா – பெரியகுளம் – நிலாவெளி: காலைச் சைக்கிளுக்கு ஒரு நல்ல சுற்று

திருகோணமலையில் சைக்கிள் எடுப்பவர்கள் பெரும்பாலும் நிலாவெளி வீதியாலேயே போய் அதே வீதியால் திரும்பி வருகிறார்கள், பஸ்ஸும் வானும் உரசிக்கொண்டு போகிற வீதி அது. கொஞ்சம் சுற்றிப் போனால் நிம்மதி. அநுராதபுரம் வீதியில் ஏறி, கன்னியாவுக்குத் திரும்புங்கள். பிரதான வீதியில் லொறி வரும், அதனால் விடியவே அதைக் கடந்துவிடுவது நல்லது.

கன்னியாவின் வெந்நீரூற்றில் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. குளிக்கிற எண்ணம் இருந்தால் துவாய் கொண்டுபோங்கள். அப்புறம் உள்வீதியால் பெரியகுளம் பக்கம் மிதித்தால் வெல்கம் விகாரை வரும். சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி, தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்த இடம். செங்கல் இடிபாடுகளுக்கு நடுவில் ஆறுதலாக நடந்து பாருங்கள், கன்னியாவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், சைக்கிள் காற்சட்டையோடு போனால் ஒரு சாரத்தைப் பையில் வையுங்கள்.

அங்கிருந்து நிலாவெளிக்கு இறங்கி, கடற்கரை வீதியால் வீடு திரும்பலாம். வழியில் உப்புவெளியில் இரண்டாம் உலகப்போர்க் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது.

வைகாசி தொட்டு ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வெயிலேற ஏற வலுக்கும். காட்டுப் பக்கம் கடை குறைவு, தண்ணீரும் ஒரு ரியூப்பும் பம்பும் கட்டாயம். யானை நடமாடும் இடம் என்பதால் பொழுதுபட்டபின் உள்வீதி வேண்டவே வேண்டாம்.