உயர்ரகப் புரொசெசர் வாங்குவதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ திருமண வீடியோ தொகுக்கும் ஸ்டூடியோ நடத்தும் ஒருவர் புதிய கணினி பூட்டத் தீர்மானித்தால், கடைக்காரர் எழுதித் தரும் விலைப்பட்டியலின் முதல் வரியில் பெரும்பாலும் ஏ.எம்.டி. ரைசன் 9 9950எக்ஸ் அல்லது இன்டெல் கோர் அல்ட்ரா 9 285கே இடம்பிடித்திருக்கும். முன்னதில் 16 கோர்களும் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) 32 திரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்), பின்னதில் 24 கோர்களும் உண்டு. 2024இல் வெளிவந்த இவ்விரண்டும் சிறந்த புரொசெசர்கள் என்பதில் ஐயமில்லை. அந்தச் சிறப்பில் எவ்வளவு உங்கள் வேலைக்கு வந்து சேரும் என்பதை, இப்போது மேசையில் இருக்கும் பழைய கணினியை வைத்தே கணிக்கலாம்.

வழக்கமாக உங்களைக் காக்க வைக்கும் வேலையை, அதாவது வீடியோ எக்ஸ்போர்ட்டையோ முப்பரிமாணக் காட்சியைப் படமாக்கும் ரெண்டரையோ எழுதிய நிரலை இயங்கும் மென்பொருளாக்கும் கம்பைலையோ, ஓடவிடுங்கள். விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பகுதியைத் திறந்து, சி.பி.யு. வரைபடத்தின் மீது வலது கிளிக் செய்து, ஒவ்வொரு லாஜிக்கல் புரொசெசரையும் தனித்தனியாகக் காட்டும் தோற்றத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாக் கட்டங்களும் வேலை முடியும்வரை உச்சியிலேயே நின்றால், கூடுதல் கோர்கள் உங்களுக்குப் பயன்படும். ஒன்றிரண்டு கட்டங்கள் மட்டும் உச்சியில் நிற்க மற்றவை சோம்பிக் கிடந்தால், உங்களுக்குத் தேவை தனிக் கோரின் வேகம். அதே தலைமுறையைச் சேர்ந்த நடுத்தரப் புரொசெசரிலும் அந்த வேகம் ஏறத்தாழ அதே அளவில் கிடைக்கும். சி.பி.யு. முழுவதும் பாதியளவிலேயே ஓடிக்கொண்டிருக்க ரேம் நிரம்பியிருந்தாலோ, டிஸ்க் நூறு வீதத்தில் நின்றாலோ, புரொசெசருக்கென ஒதுக்கிய பணத்தை ரேமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் திருப்பிவிடுவதே முறை.

கோர்களை இரட்டிப்பாக்கினால் வேகமும் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கையை 1967இலேயே ஜீன் அம்தால் என்ற கணினிப் பொறியியலாளர் மறுத்துக் காட்டிவிட்டார். கொழுந்து பறிக்க எத்தனை பேரை மலையில் இறக்கினாலும், நிறுக்கும் இடத்தில் தராசு ஒன்றுதான் என்றால் எல்லோரும் வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். ஒரு வேலையில் முக்கால் பங்கைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், மீதிக் காற்பங்கு ஒரே கோரில்தான் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கோருடன் ஒப்பிட, 8 கோர்களில் அது ஏறத்தாழ 2.9 மடங்கு வேகமாகவும் 16 கோர்களில் 3.4 மடங்கு வேகமாகவும் முடியும். பின்னைய எட்டுக் கோர்களும் கொண்டுவந்த இலாபம் ஏறத்தாழ 16 வீதமே. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சி.பி.யு.வினால் ரெண்டர் செய்தல், பெரிய மென்பொருள்களைக் கம்பைல் செய்தல் போன்றவற்றில் பிரிக்க முடியாத பங்கு மிகச் சிறியது என்பதால், அங்கே 16 கோர்கள் தம் விலையை நியாயப்படுத்துகின்றன. போட்டோஷொப்பில் அல்பம் வடிவமைப்பவருக்கும், அச்சகத்தில் பக்கம் அமைப்பவருக்கும் அந்த நியாயம் பொருந்தாது.

வீடியோத் தொகுப்பில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. மலையக ஸ்டூடியோக்களின் பணம் பெரும்பாலும் வீணாவது இங்கேதான் என்பது என் எண்ணம். புதிய கமராக்கள் பல, எச்.265 என்ற சுருக்க வடிவில், நிறத்தை நுணுக்கமாகச் சேமிக்கும் 4:2:2 10-பிட் வீடியோவைப் பதிவு செய்கின்றன. அதை டைம்லைனில் தடங்கலின்றி ஓட்ட, கோர்களின் எண்ணிக்கையைவிட அந்த வடிவை நேரடியாக டிகோட் செய்யும் (விரித்துக் காட்டும்) வன்பொருளே முக்கியம். 11ஆம் தலைமுறைக்குப் பிந்திய இன்டெல் டெஸ்க்டொப் புரொசெசர்களின் உட்பொதிந்த கிராபிக்ஸில் அது உண்டு. 2025இல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையிலும் உண்டு. ரைசன் 9000 வரிசையின் உட்பொதிந்த கிராபிக்ஸில் இல்லை. ஆகவே, பழைய கிராபிக்ஸ் கார்டுடன் 16 கோர் ரைசன் வாங்கியவர் திணறும் அதே காட்சியை, அதைவிட மிகக் குறைந்த விலைக்கு இன்டெல் கோர் ஐ5 வாங்கியவர் இலகுவாக ஓட்டிக்கொண்டிருக்கலாம். இலக்கத்தின் இறுதியில் ‘எஃப்’ எழுத்துள்ள இன்டெல் புரொசெசர்களில் இந்தக் கிராபிக்ஸ் பகுதி இயங்காது என்பதால், சில ஆயிரம் ரூபா மலிவு என்று அதை எடுக்க வேண்டாம்.

விளையாட்டுக்கு மட்டும் வாங்குபவர் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 8 கோர்களும் 96 எம்.பி. எல்3 கேஷும் (புரொசெசருக்குள்ளேயே உள்ள விரைவு நினைவகம்) கொண்ட ரைசன் 7 9800எக்ஸ்3டிக்கு மேலே செல்வதால் விளையாட்டுகளில் கிடைப்பது அற்பம். 4கே திரையில் எல்லையைத் தீர்மானிப்பது எப்படியும் கிராபிக்ஸ் கார்ட்தான்.

அடுத்து, மிச்சமாகும் நேரத்துக்கு விலை போட வேண்டும். பகலில் வாடிக்கையாளர் காத்திருக்க ஓடும் எக்ஸ்போர்ட் இரண்டு மணித்தியாலத்திலிருந்து ஒன்றாகக் குறைந்தால், அந்த ஒரு மணித்தியாலத்தில் இன்னொரு வேலையை ஏற்று உழைக்க முடியும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கும் எக்ஸ்போர்ட் நான்கு மணிக்கு முடிந்தாலும் இரண்டு மணிக்கு முடிந்தாலும் வருமானத்தில் மாற்றமில்லை. பகலில் மிச்சமாகும் மணித்தியாலங்களை மாதக் கணக்கில் கூட்டி, உங்கள் ஒரு மணித்தியால உழைப்பின் பெறுமதியால் பெருக்கி, விலை வித்தியாசம் எத்தனை மாதத்தில் திரும்பும் எனப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பாவிட்டால் நான் வாங்க மாட்டேன்.

விலை வித்தியாசம் என்று இங்கே சொல்வது புரொசெசரின் விலையை மட்டுமல்ல. 9950எக்ஸின் விவரக்குறிப்பில் 170 வாட் என்று போட்டிருந்தாலும், முழுச் சுமையில் அது 200 வாட் வரை இழுக்கக்கூடியது. 65 வாட் வகை ரைசன் ஒன்றின் எல்லை 88 வாட்தான். 9950எக்ஸைத் தாங்கத் தரமான மதர்போர்டும் பெரிய கூலரும் பலமான பவர் சப்ளையும் வேண்டும். நம் கடைகளில் பரவலாக விற்கும் 650 வி.ஏ. யூ.பி.எஸ். பெரும்பாலும் 400 வாட்டுக்குள்ளேயே தருவதால், உயர்ரகக் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்த கணினியை மின்வெட்டின்போது அதனால் தாங்க முடியாது. அதைவிட இருமடங்குக்கு மேல் பெரியது தேவைப்படும். மின்கட்டணமும் உண்டு. நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் முழுச் சுமையில் ஓடினால், அந்த 110 வாட் அளவான வித்தியாசம் மாதத்துக்கு ஏறத்தாழ 13 அலகுகளாகும். பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறும் வீட்டு இணைப்பில், இந்த 13 அலகுகள் பட்டியலை அடுத்த படிக்குத் தள்ளிவிடவும் கூடும்.

குளிர் நமக்குச் சாதகமானதுதான். கொழும்பில் முப்பது பாகை அறையில் திணறும் புரொசெசர், கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நிச்சயமாகக் குறைந்த வெப்பநிலையில் ஓடும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் விசிறி தள்ளும் காற்றின் குளிர்விக்கும் வலு சற்றுக் குறையும் என்றாலும், அறைக் குளிர் அதை ஈடுசெய்து மேலும் மிச்சம் வைக்கும். எனவே விலையுயர்ந்த நீர்க்குளிர்விப்பான் இங்கே அநேகமாகத் தேவையில்லை. இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர் போதும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை இறங்கும்போது பிளக்கையும் இணைய வயரையும் கழற்றிவிடும் பழக்கம் இல்லாதவர், பெறுமதியான எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் அதைப் பழகிக்கொள்வது நல்லது.

கணக்கு இரண்டு பக்கமும் சமமாக நின்றால் நடுவழி ஒன்று உண்டு. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சொக்கெட் (மதர்போர்டில் புரொசெசர் பொருந்தும் இருக்கை) 2022இல் வந்தது. 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் அதற்கு ஆதரவு தருவதாக அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. இன்று தரமான ஏ.எம்.5 மதர்போர்டில் 8 கோர் புரொசெசரைப் பூட்டி வேலையைத் தொடங்கி, தொழில் வளர்ந்த பின் அதே போர்டில் 16 கோர் புரொசெசரைப் போட்டுக்கொள்ளலாம். ஏற்கனவே 9950எக்ஸ் வாங்கிவிட்டவர் பயொஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) மின்சாரத்தைக் குறைக்கும் ஈக்கோ மோடை 105 வாட்டுக்கு அமைத்தால், இழுக்கும் எல்லை 142 வாட்டுக்கு இறங்கும். வேகம் அந்த அளவுக்கு இறங்காது.

பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இன்டெல் கோர் ஐ9 13900கே, 14900கே ஆகியவற்றில் மட்டும் கூடிய எச்சரிக்கை வேண்டும். அளவுக்கு மீறிய வோல்டேஜினால் அத்தலைமுறைப் புரொசெசர்கள் நிலைகுலைந்ததை ஒப்புக்கொண்ட இன்டெல், 2024 ஓகஸ்டில் திருத்த மைக்ரோகோடை (புரொசெசரின் உள் நிரலை) வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது; ஆனால் ஏற்கனவே பழுதடைந்த புரொசெசரை அத்திருத்தம் குணப்படுத்தாது. புதியதை வாங்கும்போது, பெட்டியில் அடைத்ததா அல்லது உற்பத்தியாளரின் நேரடி உத்தரவாதம் இல்லாத ட்ரே வகையா என்று கேளுங்கள். கொழும்பு பம்பலப்பிட்டியில் சற்று மலிவாகக் கிடைத்தாலும், பழுதானால் திருப்பிக் கொடுத்து வர ஒரு முழு நாளும் பயணச் செலவும் போகும் என்பதால், ஊர்க் கடைக்காரர் அதே உத்தரவாதத்தை எழுத்தில் தருவாரானால் சிறிய விலைக் கூடுதலைப் பொறுத்துக்கொள்ளலாம். பில்லில் புரொசெசரின் சீரியல் இலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட்டிருப்பதைக் கடையை விட்டு இறங்குமுன் சரிபாருங்கள்.